முதல்லயே சொல்லிடறேன்

“இந்தக் கிரீமை இப்பவே எடுத்துக்கலாமா, இல்ல மூணு வாரம் கழிச்சு வரட்டுமாக்கா?”

டியூபைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லூரிப் பெண் தயங்கினாள். நெற்றியிலும் தாடையிலும் பருக்கள். அடுத்த மாதம் அவளுக்கு வேலைக்கு இன்டர்வியூ. வாழ்க்கையில் முதல் இன்டர்வியூ. அதற்குள் முகம் தெளிந்தாக வேண்டும்.

“மூணு வாரமா? எதுக்கு?” என்றாள் அழகுசாதனக் கடையின் கவுண்டர் அக்கா.

“கிரீமெல்லாம் தானே போட்டுப் பாத்து வீடியோ போடுவாங்களே ஒருத்தங்க, அவங்க இப்பதான் இதை முகத்துல போட ஆரம்பிக்கறாங்களாம். மூணு வாரம் போட்டுப் பாத்துட்டு நல்லா இருக்கா இல்லையான்னு சொல்றேன்னாங்க.”

“யாரு, அந்த ஓசிக்காரியா?”

அது கவுண்டர் அக்கா வைத்த பேர். வீடியோக்காரி எந்தப் பொருளைக் காட்டினாலும், “முதல்லயே சொல்லிடறேன், இது எனக்கு ஓசியில வந்தது” என்றுதான் ஆரம்பிப்பாள். அதைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாங்குவதையும் வாங்கிவிட்டு அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வதா? திட்டுவதற்காகவே ஒரு வீடியோ விடாமல் பார்த்துவிடுவாள்.

“ஓசியில வாங்கினவ வாய் குறை சொல்லுமாம்மா? பெட்டி பெட்டியா வந்து இறங்குது. இவளும் பல்லைக் காட்டிக்கிட்டுப் பேசறா. என்னைப் பாரு, எனக்கு யார் என்ன தூக்கிக் குடுக்கறாங்க? நானே தினமும் இதைத்தான் போடறேன்.”

அந்தப் பெண் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பரு என்ற பேச்சுக்கே இடமில்லாத முகம். பாதி மனசு வந்துவிட்டது.

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்று டியூபைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனோடு வாசல் பக்கம் போனாள்.

அவளுக்குப் பின்னால் மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள்.

“எனக்கும் அதே கிரீம் ஒண்ணு குடுங்க அக்கா.”

குரலைக் கேட்டதும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் கேட்கிற குரலாயிற்றே. சாட்சாத் அவளேதான்.

நேற்றுதான் இதே கிரீம் ஓசியில் வந்தது என்று பெட்டியைப் பிரித்துக் காட்டினாள். இன்றைக்கு முகத்தை மறைத்துக்கொண்டு வந்து காசு கொடுத்து வாங்குகிறாள். அப்படியென்றால் யாரும் எதையும் அனுப்புவதில்லை. அத்தனையும் பந்தா. கையும் களவுமாக மாட்டினாள் என்று அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

சத்தமில்லாமல் போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, பவுடர் டப்பாக்களுக்கு நடுவே சாய்த்து வைத்தாள். எல்லாரும் பார்க்கட்டும்.

“உங்களுக்குத்தான் வீடு தேடி ஓசியில வருமே மேடம். எதுக்குக் காசு குடுத்து வாங்கறீங்க?”

திருதிருவென்று முழிப்பாள் என்று பார்த்தால், சிரித்தாள்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா? எனக்கு அனுப்பறதைப் பாத்துப் பாத்துப் பொறுக்கித்தான் அனுப்புவாங்க அக்கா. மத்தவங்க கடையில வாங்கறதும் அதே மாதிரிதான் இருக்கான்னு தெரிய வேணாமா? அதனால கடையில வாங்கினதைத்தான் போட்டுப் பாப்பேன். வந்த பெட்டியை வீடியோவுல காட்டிட்டுத் திருப்பி அனுப்பிடுவேன்.”

“திருப்பி அனுப்பறீங்கல்ல, அப்புறம் எதுக்கு ஓசி ஓசின்னு சொல்லிப் பேரைக் கெடுத்துக்கறீங்க?”

“வந்தது வந்ததுதானே. நான் மறைக்காம சொல்லிடணும். நம்பறதும் நம்பாததும் அவங்க இஷ்டம்.”

“மாஸ்க் எதுக்காம்?”

அவள் மாஸ்க்கை இறக்கினாள். வலது கன்னம் பளிச்சென்று இருந்தது. இடது கன்னம் சிவந்து தடித்து, தோல் உரிந்து கிடந்தது. பார்க்கப் பார்க்க அக்காவுக்குத் தன் கன்னமே எரிவது போல இருந்தது.

“போன தடவை போட்ட கிரீமோட வேலை. யாரும் வாங்காதீங்கன்னு இன்னிக்கு சொல்லப்போறேன். எதையும் ஒரு கன்னத்துலதான் போட்டுப் பாப்பேன் அக்கா. இந்தத் தடவை இந்தக் கன்னத்தோட முறை” என்று நல்லா இருந்த கன்னத்தைத் தட்டிக் காட்டினாள்.

அக்காவின் கை தானாகப் போய்ப் போனை அணைத்தது. இவளையா வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று வெட்கமாக இருந்தது. எந்த உறவும் இல்லாதவர்களின் முகத்துக்காகத் தன் முகத்தை இப்படிப் பந்தயம் வைக்க யாருக்கு மனசு வரும்?

பில் போட்டு டியூபைக் கவரில் போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவள், மாஸ்க்கை மேலே இழுத்தபடி சொன்னாள்.

“நிஜமா கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. தினமும் இதைத்தான் போடறேன்னு நீங்க அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதைக் கேட்டேன். அப்புறம்தான் தைரியம் வந்தது. நீங்க என்னை மாதிரி இல்லையே, ஓசி வாங்காத ஆளு. நீங்க சொன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்.”

அக்கா கவுண்டரில் கிடந்த இன்னொரு டியூபைப் பார்த்தாள்.

அதற்குள் கல்லூரிப் பெண் ஓடி வந்தாள். “அம்மா சரின்னுட்டாங்க அக்கா. கடைக்கார அக்காவே போடறாங்கன்னு சொன்னதும் மறுபேச்சு பேசல. பில் போடுங்க.”

கவுண்டரில் இருந்த டியூபை அக்கா எடுத்தாள். பில் போடவில்லை. மறுபடி அலமாரியில் வைத்தாள். வாசலைத் தாண்டப்போன வீடியோக்காரிக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

“முதல்லயே சொல்லிடறேன்மா. நான் இந்த டியூபைத் திறந்துகூடப் பாத்ததில்ல. இதை நிறைய வித்துக் குடுத்தா, கம்பெனிக்காரங்க எனக்கு ஓசியில ஒரு மிக்ஸி தர்றாங்க.”