பிள்ளையாருக்கு நேர்ந்த பூ

உப்பூர்க் கடற்காற்று விடியும்போதே வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது. கொடைக்கானலிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த இங்கிலீஷ் ரோஜாச் செடி, மறைப்பாகக் கட்டிய உரச்சாக்குக்குப் பின்னால் பெயிண்ட் வாளியில் நிற்கிறது. இலைகளில் படிந்த உப்பைக் கனகலட்சுமி ஈரத்துணியால் துடைக்கிறாள். முதல் பூ இன்றுதான் முழுசாக விரிந்திருக்கிறது. முட்டைக்கோஸ் போல இதழுக்குள் இதழாக, இளஞ்சிவப்பில். அதைப் பிள்ளையாருக்கென்று நேர்ந்திருக்கிறாள். முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. கல்யாண வாசலில் பன்னீர் தெளித்தாற்போல வாசனை தானாக வந்து மோதினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டே துடைக்கிறாள். “குடிக்கிற தண்ணிய இதுக்கு ஊத்துறியே” என்று கோடை முழுக்க முணுமுணுத்த புருஷன் உக்கிரபாண்டி, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து குந்துகிறான். அவள் காம்பைக் கிள்ள விரலை நீட்டுகிறாள். அதற்குள் அவன் குனிந்து, பூவுக்குள் மூக்கைப் புதைத்து, நெஞ்சு நிறைய இழுக்கிறான். “ஐயையோ, சாமிக்கு வச்சிருந்தேங்க!” என்கிறாள். “தெரியும். இனிப் பறிக்க மாட்டேல்ல?” என்றபடி, மூக்கு நுனியில் பனி ஈரத்தோடு அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடக்கிறான். அவன் தலை மறைகிற வரை பார்த்திருந்துவிட்டு, கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பி அவள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். பிறகு அவளும் குனிகிறாள்.