கேற்றடிப் பாட்டு

“பாட்டுப் பொருத்தம் பார்த்து மாப்பிள்ளையோ? நல்ல கூத்து!” என்றார் வின்சன்ட்.

“ஓம் அப்பா. பிடிச்ச பாட்டுகளைப் போட்டால், அதே பாட்டுகள் பிடிச்ச ஆளைச் செயலி காட்டும். சாதி, சீதனம் ஒண்டும் கேக்காது,” என்றாள் மகள் தினுஷா. “நீங்கள் குசினிக்குள்ள சமைக்கேக்க முணுமுணுக்கிற பாட்டின்ர முதலடியையும் எழுதிப் போட்டனான். செயலி காட்டின ஆளிட்ட அதுவும் இருக்கு. எனக்கு ஆளைப் பிடிச்சிருக்கு.”

வின்சன்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திருகோணமலை ஜெட்டி வேலைநிறுத்தத்துக்கு அவரே கட்டிய பாட்டு அது. ஜெட்டி வாசல் கேற்றடியில் நின்று பாடியதோடு சரி. அச்சிலும் வரவில்லை, வானொலியிலும் வரவில்லை. கடைசி அடிகள் அவருக்கே மறந்துவிட்டன. பழைய தோழர்களைக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் நினைவில்லை.

“இது தெரிஞ்சவன் எங்கட தொழிற்சங்கத்து வீட்டுப் பிள்ளைதான். வரச் சொல்லு!”

ஞாயிறு பூசை முடிந்த கையோடு பாலையூற்றிலிருந்து றொஷான் வந்தான்.

“இரும் தம்பி, இரும். உம்மட அப்பா கேற்றடியில எந்தப் பக்கம் நிண்டவர்?”

“கேற்றுக்கு உள்ளுக்கு, ஐயா.”

“விளங்கேல்ல.”

“வேலைநிறுத்த நேரமும் அவர் வேலைக்குப் போனவர்.”

வின்சன்டின் முகம் கறுத்தது.

“கருங்காலி! எழும்பும். கருங்காலி வீட்டு ஆக்களுக்கு இங்க கதிரை இல்லை.”

றொஷான் எழுந்தான்.

“செயலி கேக்காத கேள்வியை நீங்கள் ஏன் அப்பா கேக்கிறியள்?” தினுஷா குறுக்கே வந்தாள்.

“என்ர பாட்டை வாயில வைக்க இவையளுக்கு என்ன தகுதி?”

“அப்பா ஒவ்வொரு நாளும் உள்ளுக்கு நிண்டு கேட்டவர், ஐயா,” என்றான் றொஷான். “வீட்ட வந்து கதவைச் சாத்திப்போட்டுப் பாடுவார். சாகுமட்டும் பாடினவர். எனக்கும் முழுக்கத் தெரியும்.”

“முழுக்கவோ? சங்கத்தில ஒருத்தனுக்கும் தெரியாதது உமக்குத் தெரியுமோ? பாடும் பாப்பம்!”

றொஷான் நின்றபடியே பாடினான். தடுமாறவில்லை. மறந்துபோன அடிகளும் வந்தன.

“உள்ளே போன தோழனே, உன்மேல் பகை இல்லை;
உனக்கும் சேர்த்துத்தான் வெயிலில் நிற்கிறோம்.”

வின்சன்ட் எழுந்தார். தான் இருந்த கதிரையை அவன் பக்கம் தள்ளினார்.

“இரும் தம்பி. அது உம்மட அப்பாவுக்கு எழுதின அடி. நாங்கள்தான் மறந்திட்டம்.”