தேயாத முத்திரை

சீன தேசத்தில் ஆளும் வம்சம் மாறினால், அரச முத்திரையின் பழைய எழுத்தை அரைத்து நீக்கிவிட்டுப் புது வம்சத்தின் பெயரைச் செதுக்குவது வழக்கம். அப்படி மூன்று முறை அரைபட்ட ஒரு பச்சைக்கல் முத்திரை, தட்டையாகிப்போன உடம்போடு நான்காம் வம்சத்தின் பேழையில் இருந்தது.

"இன்னொரு முறை அரைத்தால் நான் உடைந்துவிடுவேன்" என்றது அது, பக்கத்திலிருந்த சிவப்பு மைச் சிமிழிடம். "இந்த வம்சம் பத்தாயிரம் தலைமுறை நிலைக்க வேண்டும். அதுவரை என் எழுத்தும் தேயக் கூடாது."

ஆகவே ஒவ்வோர் ஆணையின் மீதும் அது பட்டும் படாமலும் பதிந்தது.

"கொஞ்சம் அழுந்தப் பதியுங்கள் அண்ணே. வெள்ளம் வந்த ஊர்களுக்குத் தானியக் கிடங்கைத் திறக்கச் சொல்லும் ஆணை இது" என்றது சிமிழ்.

"உனக்கென்ன, தீர்ந்தால் புது மை நிரப்புவார்கள். தேய்கிறவன் நான்."

கிடங்கு அதிகாரி மங்கலான முத்திரையைப் பார்த்துவிட்டு, கள்ள ஆணை என்று திருப்பி அனுப்பினார். அடுத்து வந்த ஆணையும் அப்படியே திரும்பியது. பசித்தவர்கள் கிடங்கை உடைத்தார்கள். அவர்களை அடக்கப் புறப்பட வேண்டிய படையும், ஆணை சரியில்லை என்று பாசறையிலேயே உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டாம் ஆண்டில் அந்த வம்சம் முடிந்தது; பதினான்காம் ஆண்டில் என்று சொல்வோரும் உண்டு.

வென்றவனின் கல்தச்சர் முத்திரையைக் கையிலெடுத்து, எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"நேற்றுச் செதுக்கியது போலல்லவா இருக்கிறது" என்று முணுமுணுத்தார். "வழக்கத்தைவிட இருமடங்கு அரைத்தால்தான் இது போகும்."