மாமியார் நகை

"வூடு வேணாம், மனையும் வேணாம். அந்த அடகு நகையை மட்டும் எனக்கு வாங்கிக் குடுத்துடுங்க மேடம்."

பாஞ்சாலி இப்படிச் சொன்னதும் வக்கீல் ஜெயப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காஞ்சிபுரம் குடும்ப நீதிமன்ற வராந்தா. இன்னும் சற்று நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். விவாகரத்து கேட்டிருந்த பாஞ்சாலிக்கும் அவள் கணவன் வினோத்குமாருக்கும் குழந்தை இல்லை. பிரிப்பதற்கு இருந்ததெல்லாம் சொத்தும் கடனும்தான்.

"யோசிச்சுத்தான் பேசறீங்களா? உத்திரமேரூர்ல மெயின் ரோட்டு மேல இருக்கற மனை. ரெண்டு பேர் பேர்லயும் பத்திரம். ஷூ கம்பெனியில கால்கடுக்க நின்னு நீங்க சம்பாதிச்ச காசு அதுல போயிருக்கு. பாதி உங்களுக்குக் கண்டிப்பா வரும்."

"வேணாம் மேடம்."

"கடனையும் வட்டியையும் கழிச்சா அந்த நகையில என்ன மிஞ்சும்?"

"ஒண்ணும் மிஞ்சாதுன்னு தெரியும். எனக்கு அதான் வேணும்."

சரியான நகைப் பைத்தியம் என்று ஜெயப்பிரியா மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

உள்ளே போனதும் வினோத்குமார் முந்திக்கொண்டான்.

"அது செத்துப்போன எங்க அம்மா நகைங்கய்யா. உரம் வாங்கக் காசில்லாம என் பேர்ல அடகு வெச்சேன். என்கூட வாழமாட்டேன்னு போறவளுக்கு மாமியார் நகை மட்டும் கேக்குதா?"

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டான். பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பாஞ்சாலியைத் திரும்பிப் பார்த்த எல்லார் பார்வையிலும் ஒரே ஏளனம்.

நீதிபதி கேட்டார். "அவங்க அம்மா நகைன்னு சொல்றாரு. அதுல உனக்கு என்னம்மா பாத்தியதை?"

"பாத்தியதைன்னு கேக்கலீங்கய்யா. மனையில என் பங்கை அவருக்கே எழுதிக் குடுத்துடறேன். வூட்டுலயும் எதுவும் வேணாம். டிராக்டர் கடனை அவரு பாத்துக்கட்டும். நகைக் கடனை வட்டியோட நான் கட்டறேன். பேங்குக்கு வந்து கையெழுத்துப் போட்டு, நகையை என் கையில குடுத்துடணும். அவ்ளோதான்."

வினோத்குமாரின் அழுகை சட்டென்று நின்றது. தன் வக்கீலின் காதில் குசுகுசுத்தான்.

"சரிங்கய்யா. ஏதோ ஆசைப்படறா. எடுத்துக்கட்டும்."

"யாரும் மிரட்டலையே? மனசார சொல்றியாம்மா?"

"மனசாரத்தாங்கய்யா."

ஜெயிக்க வேண்டிய கேஸ் கண்ணெதிரே கை நழுவிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் ஜெயப்பிரியா.

மறுவாரம் உத்திரமேரூர் பேங்கில், ஜெயப்பிரியாவும் கூட வந்திருக்க, கம்பெனித் தோழிகளோடு கட்டிய சீட்டை எடுத்துக் கடனை அடைத்தாள் பாஞ்சாலி. வினோத்குமார் கையெழுத்தைப் போட்டுவிட்டு இளித்தான்.

"போட்டுக்கினு கண்ணாடியில அழகு பாரு. மனை என்னுது."

பாஞ்சாலி பொட்டலத்தைப் பிரித்துச் சரிபார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலுக்கு வந்ததும்,

"மேடம், உங்க வண்டியில என்னை மாகறல் வரைக்கும் வுட்டுடறீங்களா?" என்றாள்.

ஜெயப்பிரியா கோபத்தோடுதான் ஸ்கூட்டியை ஓட்டினாள். மாகறலில் ஒரு சின்ன வீட்டின் முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடு. வண்டிச் சத்தம் கேட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஒரு பெண் ஓடி வந்தாள்.

"மார்த்தாக்கா! சோபியாவைக் கூப்புடு!" பாஞ்சாலியின் குரல் தெருவுக்கே கேட்டது.

மார்த்தாளின் மகள் சோபியா, கல்யாணப் பெண், தயங்கித் தயங்கி வந்தாள். பாஞ்சாலி முடிச்சை அவிழ்த்து, சங்கிலியை எடுத்து அவள் கழுத்தில் போட்டாள். அதன் நுனியில் ஒரு தங்கச் சிலுவை ஆடியது.

மார்த்தாள் அப்படியே பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்தலில் நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். யாரோ கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த சரவெடியை அப்போதே கொளுத்திப் போட்டார்கள்.

ஜெயப்பிரியா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அருகில் வந்தாள். "அப்போ... இது உங்க மாமியார் நகை இல்லையா?"

"என் நகைம்மா," என்றாள் மார்த்தாள். "இவங்க நெலத்துல நாத்து நட்டு, அறுப்பறுத்து, கூலியில சிறுகச் சிறுகச் சேத்தது. ஒரே மாசத்துல மீட்டுக் குடுத்துடறேன்னு இவங்க வூட்டுக்காரரு வாங்கிக்கினு போனாரு. திருப்பிக் கேட்டதுக்கு, கூலிக்காரிக்கு ஏது தங்கம்னு பத்துப் பேர் எதிர்ல சிரிச்சாரு."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாஞ்சாலி! கோர்ட்டுல கிழிச்சிருப்பேனே!"

"கிழிச்சிருப்பீங்க மேடம். அவரும் இல்லவே இல்லைன்னு வருசக்கணக்கா இழுத்திருப்பாரு. அதுவரைக்கும் சோபியா கல்யாணம் காத்துக்கினு நிக்குமா?"

வெடிப் புகை நடுவே பாஞ்சாலி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அவரு அப்படிச் சிரிச்ச அன்னிக்குத்தான் மேடம், இந்தாளோட வாழக் கூடாதுன்னு உங்க ஆபீஸ் படியேறினேன்."