தங்கமான மனிதர்

"ஏசியைப் போடுய்யா!" என்றார் பின்சீட்டில் இருந்த குமாஸ்தா.

"போட்டுத்தான் சார் இருக்கு. உங்க சூடுதான் தணியல" என்றார் டாக்சி ஓட்டுநர்.

அலுவலக வாசலில் இறங்கியதும் குமாஸ்தா ஓட்டுநரின் சட்டையைப் பிடித்தார். ஓட்டுநர் ஒரு குத்து விட்டார். காவலாளி ஓடிவந்து விலக்கியபோது குமாஸ்தாவின் மூக்கில் ரத்தம். ஓட்டுநரின் சட்டையில் பாதி குமாஸ்தாவின் கையில்.

"உனக்கு ஒரே ஒரு ஸ்டார்தான்டா! இன்னியோட உன் பொழப்பு முடிஞ்சுது!"

"எனக்கும் போடத் தெரியும் சார்! அப்புறம் ஆபீசுக்கு நடந்துதான் வரணும்!"

கழிவறையில் மூக்கைக் கழுவியபடி குமாஸ்தா வெகுநேரம் யோசித்தார். ஓட்டுநர்கள் தந்த மோசமான மதிப்பெண்ணால் ஏற்கெனவே இரண்டு டாக்சி நிறுவனங்கள் அவரைக் கைகழுவிவிட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். இதைப் பார்த்தாவது அவன் மனம் இளகட்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பேசியில் அந்த ஓட்டுநருக்கு ஐந்து நட்சத்திரங்களை அழுத்தினார். 'தங்கமான மனிதர்' என்றும் எழுதினார்.

மறுநாள் காலை கைப்பேசியில் செய்தி வந்தது: 'நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பதால், இனி தினமும் இவரே உங்கள் ஓட்டுநர்.'

வீட்டு வாசலில் டாக்சி நின்றது. வேறு சட்டையில் இறங்கிய ஓட்டுநர், குமாஸ்தாவின் மூக்குப் பிளாஸ்திரியை நெடுநேரம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

"நீங்களும் பயந்துட்டீங்களா சார்?"