எழுந்து நிற்காதவள்

"எழுந்திரு. இப்பவே வீட்டுக்குக் கிளம்பு."

கதவு சுவரில் மோதித் திரும்பியது. வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் இருந்த பெண்கள் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார்கள். வந்திருப்பது யாரோ ஓர் அம்மாள் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த அம்மாளின் மகள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"குரலைக் கேட்டதும் கால் தானா சேந்துடுச்சு. வந்தது உங்கம்மாவா, கர்னலா?" என்று முணுமுணுத்தாள் பட்டாளத்தில் லாரி ஓட்டிய பெண்.

அம்மா முதுகு வளையாமல் நின்று ஏலக்காய் மென்றுகொண்டிருந்தாள்.

"வாசல்ல என்ன போர்டுன்னு பாத்தியாடி? 'குடியிலிருந்து மீளும் முன்னாள் ராணுவப் பெண்கள்'. கொட்டை எழுத்துல போட்டிருக்கு. எதிர்லயே கடைத்தெரு. நீ இங்க வர்றதைப் பாத்துட்டுப் பக்கத்து வீட்டுக்காரி என்கிட்ட துக்கம் விசாரிக்கிறா. நம்ம மானம் கப்பலேறிடுச்சு."

"ஏறட்டும்."

"என்னடி சொன்ன? உங்க தாத்தா நெஞ்சு நிறைய மெடல் குத்தினவர். அவர் படம் மாட்டின வீட்டுல ஒரு குடிகாரின்னு ஊர் பேசணுமா?"

"அந்தப் படத்துக்குப் பின்னாடி நேத்து என்ன இருந்துச்சுன்னு இவங்க முன்னாடி சொல்லட்டுமா?" என்றாள் மகள்.

"வாயை மூடு."

ஆலோசகர் குறுக்கே வந்தார். "அம்மா, கொஞ்சம் பொறுமையா..."

"நீங்க பேசாதீங்க. நல்ல குடும்பத்துப் பொண்ணைக் கூட்டி வச்சு வீட்டுக் கதையெல்லாம் கக்க வைக்கிறீங்க. என் மக குடிக்கிறவ இல்ல."

"எங்களுக்கும் தெரியும்," என்றார் ஆலோசகர். "கக்கவும் இல்ல. வந்த நாள்லேர்ந்து கூட்டத்துல அவ வாயே திறந்ததில்லை. இங்க பட்டாளத்துல இருந்தவங்க மட்டும்தான் பேசலாம்."

அம்மாவின் தாடை அசைவது நின்றது.

லாரிக்காரி மெதுவாக அருகில் வந்தாள். "நானும் ரொம்ப நாள் ஏலக்காய்தான் மென்னேன், மேடம். வாடை போகவே இல்ல."

மகள் இப்போதுதான் எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"நீ வர்ற வரைக்கும் இடத்தை வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு இவங்க கால்ல விழாத குறையாக் கெஞ்சி இதுல உக்காந்திருந்தேம்மா," என்றாள். பிறகு, வீட்டில் ஒருநாளும் காட்டாத மரியாதையோடு சொன்னாள்:

"உட்காருங்க, மேஜர்."