கல்லைக் கொத்தவே கூடாதாம்!

"தண்ணியில ஓடற இந்த மாவு ஆலைக்கு நீங்க இதுக்கு முன்னாடி வந்ததே இல்லையா?" ஹெஸ்டர் கண்ணை அகல விரித்துக் கேட்டார்.

"இல்லவே இல்லை" என்றார் வீபே.

அறுபத்து மூன்று வயதில் இப்படிக் கூசாமல் பொய் வருகிறதே என்று அவருக்கே ஆச்சரியம்.

பத்தொன்பது வருஷம் சனிக்கிழமை தவறாமல் அந்த ஆலையை ஓட்டியவர் அவர். மனைவி ட்ரைன் இறந்தபிறகு, இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் பாட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்த இந்தப் பெண்மணி, "அந்தப் பழைய ஆலையைச் சுத்திக் காட்டறேன், வர்றீங்களா?" என்று கேட்டபோது, வாய் அதுபாட்டுக்குச் சரி என்றுவிட்டது. தெரிந்த இடம் என்றால், ஏன் போவதில்லை என்று கேட்பாரே!

ஓடையோரப் பலகைப் பாதையில் நடந்தார்கள். நாணலுக்கு மேல் நீலமாக ஒரு மீன்கொத்தி விர்ரென்று பறந்தது.

"அதோ, கிளி!" என்று கத்தினார் ஹெஸ்டர்.

"ஆமாமா... கிளி" என்றார் வீபே.

பொய்க்கு மேல் பொய். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் மாதிரி மனசு துள்ளியது.

ஆலை வாசலில் பழைய கூட்டாளி ஹார்ம் நின்றிருந்தார். வீபே அவசரமாக உதட்டில் விரலை வைத்தார்.

"வாங்க சார், வாங்க! ஆலைக்கு முதல் தடவையா?" என்றார் ஹார்ம், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

உள்ளே ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டர் அவர்களுக்கும் சேர்த்தே விளக்க ஆரம்பித்தார்.

"இந்தச் சக்கரம் முன்பக்கமாச் சுத்தினா கோதுமை மாவு. பின்பக்கமாச் சுத்தினா சோள மாவு."

வீபே இருமிச் சமாளித்தார்.

"வெயில் காலத்துல ஓடையில தண்ணி வத்திடுமா, அப்போ சக்கரத்துல வாத்தைக் கட்டிச் சுத்த விடுவாங்க."

ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். வீபே ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். காது மட்டும் சிவந்தது.

ஹெஸ்டர் ஆலைக்கல்லை ஆசையாகத் தட்டினார். "முக்கியமான விஷயம், இந்தக் கல்லைக் கொத்தவே கூடாது. வழவழன்னு கண்ணாடி மாதிரி இருந்தாத்தான் மாவு நைசா வரும்."

"யார் சொன்னது?"

வீபே போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"கொத்தாத கல்லுல மாவு வருமா? தானியம் சூடேறிக் கருகிப் போகும்மா! வருஷா வருஷம் மண்டி போட்டு உட்கார்ந்து, வரி வரியா இந்தக் கல்லைக் கொத்தினவன் நான்! வாத்தாம், கட்டறாங்களாம்! தள்ளுங்க!"

விறுவிறுவென்று வெளியே போனார். மதகுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

தண்ணீர் பாய்ந்தது. சக்கரம் ஒரு முனகல் முனகிவிட்டு மெல்ல அசைந்தது. அப்புறம் சுழல ஆரம்பித்தது. பக்கத்தில் நின்றவர்கள் தொப்பலாக நனைந்து, கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். ஆலை முழுக்கத் தடதடவென்று அதிர்ந்தது. வீபே உள்ளே ஓடிவந்து கோதுமையைக் கொட்டினார். சூடான மாவை அள்ளி ஒவ்வொருவர் கையிலும் வைத்து, "மோந்து பாருங்க! மோந்து பாருங்க!" என்றார். தலையெல்லாம் மாவு. கண்ணில் தண்ணீர். வாய் நிறையச் சிரிப்பு.

கடைசியில்தான் ஹெஸ்டர் ஞாபகம் வந்தது. கூனிக் குறுகி எதிரே போய் நின்றார்.

"மன்னிச்சுடுங்க. இது நான் ஓட்டின ஆலை. உங்ககிட்ட பொய் சொன்னேன். நாலு பேர் முன்னாடி கத்தவேற செஞ்சுட்டேன்."

ஹெஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஹார்ம்தான் வாயைத் திறந்தார். "ரெண்டு வருஷமா நாங்க கெஞ்சியும் நீ வரலை. போன வாரம் இவங்க வந்து எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: 'எதைத் தப்பாச் சொன்னா வீபேவுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வரும்?'"